மதினிக்குக் கொடுத்த மூன்று அட்டை

அஸ்ரூ,
ஷவ்வால் பிறை இருபது

மரியாதைக்குரிய ஹனிய்யா மதினி அவர்களுக்கு,

உங்கள் தம்பி மனைவி தூரிய்யா ஸலாம் சொல்லி எழுதுவது. மெக்னெஸில் நீங்களும் உங்கள் ஒற்றைத் தலைவலியும் சௌக்கியம்தானே? இங்கே உங்கள் தம்பி அல்லாலும் பிள்ளைகள் மூவரும் நலம். நான்தான் செத்துப்போவேன் போலிருக்கிறது. போனில் பேசினால் வீடே காது கொடுக்கும் என்பதால் இதை எழுதி பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நோன்புக்கு முந்தின வாரம் வந்து, "தூரிய்யா, மாசவிலக்குல விட்ட நோன்பை அப்புறம் ஒத்தையா உக்காந்து பிடிக்க என்னால ஆகாது. பிள்ளை தங்காம இருக்க நீ போடற மாத்திரையைக் குடு, தள்ளிப் போட்டுக்கறேன்" என்றீர்கள். ஒரு அட்டை கேட்டவர் இருந்த மூன்றையும் பையில் போட்டுக்கொண்டீர்கள். நன்மையான காரியம், தடுக்கவா முடியும்? மறுநாள் சுகாதார நிலையத்துக்குப் போனால் ஊரிலுள்ள பெண்களெல்லாம் அதே நன்மைக்காக வாங்கி முடித்துவிட்டார்கள். "பெருநாள் கழிச்சு வாங்க" என்றாள் நர்ஸ். பக்கத்து வீட்டு இத்தோவிடம் அழுதேன். "பால் குடுக்கற வரைக்கும் ஒண்ணும் தங்காதுடி" என்று தைரியம் சொன்னாள். அவள் மடியில் பதினோரு மாத இடைவெளியில் இரண்டு பால் குடித்துக்கொண்டிருந்தன. என் கடைக்குட்டி பால் மறந்தே ஒரு வருஷம் ஆகிறது, அதை யாரிடம் சொல்ல? உங்கள் தம்பியிடம் சொன்னேன். "பகல் பூரா பட்டினி கிடக்கறவனுக்கு என்னடி சக்தி இருக்கப் போவுது? நோன்பு மாசத்துல யாருக்கும் எதுவும் ஆவாது" என்றார். மதினி, நோன்பு திறந்ததும் அந்த மனுஷன் நாலு கிண்ணம் கஞ்சி குடிப்பார்.

நாள் தள்ளி இன்றோடு பதின்மூன்று நாள். மூன்றாவது பிரசவ ஆபரேஷன் முடிந்ததும் டாக்டரம்மா சொன்னது நினைவிருக்கிறதா? "இன்னொரு தடவை உன் வயித்தைத் திறந்தா என்னால மூட முடியாதும்மா." நீங்களும்தான் பக்கத்தில் நின்று கேட்டீர்கள். ராத்திரியும் பகலும் அதுவே காதில் கேட்கிறது. பயமாக இருக்கிறது மதினி. வேறொன்றும் இல்லை, பயம்தான்.

நான் போய்விட்டால் உங்கள் தம்பி நாற்பதாம் நாள் பெண் பார்க்கக் கிளம்புவார். அதற்கு முன்னால் பிள்ளைகளை நீங்கள் கூட்டிப்போக வேண்டும். பெரியவள் எதையும் வாய்விட்டுக் கேட்க மாட்டாள், நீங்களாகப் பார்த்துத்தான் சோறு போட வேண்டும்.

மச்சானுக்கு ஸலாம். உங்கள் முப்பது நோன்பும் கபூல் ஆகட்டும். எனக்காகவும் துஆ கேளுங்கள்.

உங்கள் தூரிய்யா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது வயிற்றைப் பிடித்தது. தீட்டு வந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். ஒன்றுமில்லை, ஒன்றுமே இல்லை. உங்கள் தம்பியிடம் சொன்னேன். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று சிரித்துவிட்டு, தீட்டுக் கழிந்து நான் குளித்துச் சுத்தமாக இன்னும் எத்தனை நாள் என்று கேட்கிறார். நர்ஸிடம் இன்னும் மாத்திரை வரவில்லை. மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடுங்கள் மதினி. பிள்ளைகளைப் பற்றி எழுதியதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.