மூணு சொம்புத் தண்ணி

பொண்டாட்டிய ஏமாத்தணும்னு நெனைக்கிற புருசமார் எல்லாரும் கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க. எட்டத்துல உக்காந்தா கேக்காது. என்னால சத்தமாச் சொல்ல முடியாது, அவ அடுத்த ரூம்லதான் துணி மடிச்சுக்கிட்டு இருக்கா.

எம்பேரு அருள்பாண்டி. சிம்மக்கல்லுல மோட்டார் வைண்டிங் கடை. கிணத்து மோட்டார் கருகிப் போச்சுன்னா புதுசா காயில் கட்டிக் குடுக்குறது நம்ம தொழில். செத்த மோட்டாருக்கு உசுரு குடுக்குறவன்னு கடைத்தெருவுல ஒரு பேரு உண்டு. வீட்டுல அந்தப் பேரு செல்லாது.

அதுக்கு முன்னாடி ஏழு வருசம் மலேசியாவுல, ஈப்போ பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்புல இருந்தேன். ஒரு நாள் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒண்ணுல தண்ணி மோட்டார் ஓடலைன்னு கூப்பிட்டாங்க. போய் மோட்டாரப் பிரிச்சுப் போட்டுட்டு மலைச்சுப் போய் உக்காந்திருந்தேன். ஒரு டீச்சர் வந்து, "பிள்ளைங்களுக்குக் கை கழுவத் தண்ணி இல்ல லா, நீங்க என்னா வேடிக்க பாக்குறீங்க?"ன்னு அந்த ஊரு 'லா' போட்டு ஒரு அதட்டு அதட்டினா. அந்த அதட்டல்ல விழுந்தவன் இன்னும் எந்திரிக்கல. அவதான் பவதாரிணி. பாமாயில் எடுக்குற செம்பனைத் தோட்டத்துல பொறந்து வளந்தவ.

கல்யாணமாகி மூணு வருசம். அதுல ரெண்டு வருசம் அவ அங்க, நான் இங்க. எனக்குப் பெர்மிட் முடிஞ்சு போச்சு, அவளுக்கு வேலை அங்க. எங்க குடும்பம் அம்புட்டும் போன்லதான் நடந்துச்சு. சண்டை போடணும்னாக்கூட டவர் இருக்கான்னு பாத்துட்டுத்தான் போடணும்.

போன மாசம் போன்ல சொன்னா, "ஏங்க, ஸ்கூல் ரெண்டு வாரம் லீவு விடுது. உங்க ஊருக்கு வர்றேன். நான் பாத்ததே இல்லல்ல, எல்லாத்தையும் சுத்திக் காட்டணும்."

எனக்குச் சந்தோசம் ஒரு பக்கம், கலக்கம் ஒரு பக்கம். ஏன்னா அவகிட்ட நான் ஒரு பொய் சொல்லி வச்சிருந்தேன். "கடைய ஒருத்தன்கிட்ட ஒப்படைச்சிட்டு நானே அங்க வந்துர்றேன், விசாவுக்கு எழுதிப் போட்டாச்சு"ன்னு. எழுதவும் இல்ல, போடவும் இல்ல. எட்டு மாசமா "பிராசஸ்ல இருக்கு"ன்னு ஓட்டிக்கிட்டு இருந்தேன். என் மனசுல இருந்தது ஒண்ணே ஒண்ணுதான். அவ இங்க வந்து என்கூட இருக்கணும்.

அதை வாயத் தெறந்து கேக்க வேண்டியதுதானேன்னு நீங்க கேப்பீங்க. கேக்கலாம். கேட்டு, "முடியாது"ன்னு சொல்லிட்டா? அந்த ஒரு வார்த்தையத் தாங்க எனக்குத் தெம்பு இல்லங்க. அம்புட்டுத்தான் விசயம்.

அதனால ஒரு திட்டம் போட்டேன். ரெண்டு வாரம் ஊரச் சுத்திக் காட்டுற சாக்குல அவள அப்பிடியே மதுரை மேல மயங்க வைக்கணும். அவ வாயாலயே "நான் இங்கயே இருந்துர்றேங்க"ன்னு சொல்லணும். நான் ரொம்ப யோசிக்கிற மாதிரி தாடையத் தடவிட்டு, "சரி, உன் இஷ்டம்"னு பெரிய மனசு பண்ணணும்.

கார் ஓட்டுற என் கூட்டாளி ஜெயக்கொடிகிட்டதான் முதல்ல சொன்னேன்.

"மாப்ள, ஊருக்காரங்க அவகிட்ட அன்பாப் பேசணும்டா."

"நம்ம ஊருக்காரன் அன்பாத்தான் பேசுவான். சத்தமாப் பேசுறதால சண்டைனு நெனைக்கிறாய்ங்க."

"அதான் பயமா இருக்கு. அதுக்குத்தான் ஒரு வசனம் எழுதி வச்சிருக்கேன். போற வழியில நமக்குத் தெரிஞ்ச கடைக்காரங்க எல்லாருக்கும் நீ சொல்லிக் குடுத்துரு."

"எத்தன வசனம்?"

"ஒண்ணுதான்."

அங்கதான் தப்புப் பண்ணேன். ஒண்ணுதான் எழுதினேன்.

ஏர்போர்ட்டுல அவ வந்து எறங்கினப்ப மூணு பெரிய பெட்டி. ரெண்டு வாரத்துக்கு மூணு பெட்டியான்னு தூக்கிப் பாத்தேன், இடுப்புப் புடிச்சுக்கிருச்சு. ஒரு பெட்டியில இடியாப்ப உரல்கூட இருந்துச்சு. ஆகா, ரெண்டு வாரம்னாலும் புருசனுக்கு இடியாப்பம் புழிஞ்சு போடணும்னு கடல் தாண்டிச் சொமந்துட்டு வந்திருக்காளேன்னு எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. அதுக்கு மேல யோசிக்கிற புத்திய எனக்கு ஆண்டவன் குடுக்கல.

மொத நாள் சிம்மக்கல். வாழைப்பழ மண்டிக்குக் கூட்டிட்டுப் போனேன். மண்டிக்காரர் சோணை அண்ணன் எந்திரிச்சு நின்னு, பள்ளிக்கூடத்துல ஒப்பிக்கிற மாதிரி ஒப்பிச்சார்.

"தாயி, ஒங்களப் பாத்தா வெளிநாட்டுக்காரவுக மாதிரியே தெரியல. இந்த மண்ணுலயே பொறந்தவுக மாதிரி இருக்கீக."

பவா சிரிச்சா. எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு.

மறுநாள் கொட்டாம்பட்டி வரைக்கும் போனோம். ரோட்டோர டீக்கடையில எறங்கினோம். டீ மாஸ்டர் ஆத்துறத நிறுத்திட்டு, "அக்கா, ஒங்களப் பாத்தா வெளிநாட்டுக்காரவுக மாதிரியே தெரியல"ன்னு ஆரம்பிச்சார். பவா என்னைத் திரும்பிப் பாத்தா. நான் வயக்காட்டப் பாத்தேன்.

மூணாவது நாள் அழகர்கோவில். தோசைக்கடைக்காரர் கார் வந்து நிக்குறதுக்குள்ளயே ஓடி வந்து, கண்ணாடிய எறக்கச் சொல்லி, உள்ள யாருன்னுகூடப் பாக்காம, "ஒங்களப் பாத்தா வெளிநாட்டுக்காரவுக..."

"மாதிரியே தெரியல. இந்த மண்ணுலயே பொறந்தவங்க மாதிரி இருக்கேன். அதானே அண்ணே?"ன்னா பவா.

"ஆமா தாயி. எப்பிடித் தெரியும்?"

"எல்லாருக்கும் ஒரே வாத்தியாருதான் போல."

ஜெயக்கொடி ஸ்டீயரிங்ல தலைய வச்சுக்கிட்டான். நான் எறங்கிப் போய் ஒரு தோசை வாங்க, அந்த நேரம் பாத்து ஒரு கொரங்கு வந்து என் கையில இருந்த தோசையப் புடுங்கிட்டுப் போச்சு. நல்லவேளை, அதுக்கு வசனம் சொல்லிக் குடுக்கல.

ஆனா ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு மலை மேல தீர்த்தத்துல நனைஞ்சுட்டு எறங்கி வாரப்ப, அவ என் கையப் புடிச்சுக்கிட்டா. எதுக்க வந்தவங்களுக்கு வழி விடுறதுக்குக்கூட விடல. ரெண்டு வருசமா வெறும் போனத் தடவிக்கிட்டுக் கெடந்த கை அது. இப்பக் கேட்டுருடா பாண்டின்னு மனசு சொல்லுது. வாயி, "பாத்து எறங்கு, வழுக்கும்"னு சொல்லுது.

பத்தாம் நாள் எங்க அம்மா ஒச்சம்மா ஒரு குண்டத் தூக்கிப் போட்டுச்சு.

"ஏப்பா, மருமக இந்த மண்ண மிதிச்சா கருப்புக்குக் கிடா வெட்டுறேன்னு நேந்திருக்கேன். ஞாயித்துக்கெழம பங்காளிகளுக்கெல்லாம் சொல்லியாச்சு."

"எம்மா! அவ டீச்சரும்மா. ரத்தத்தப் பாத்தா அடுத்த பிளைட்டப் புடிச்சுப் போயிருவா."

"போகமாட்டா."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

அம்மா வெத்தலையில சுண்ணாம்பத் தடவிக்கிட்டு ஒரு சிரிப்புச் சிரிச்சுச்சு. ரெண்டு பேரும் வருசம் பூரா வீடியோ கால்ல பேசிக்கிட்டவங்கன்னு அப்பவாவது எனக்கு உறைச்சிருக்கணும்.

நான் பவாகிட்ட, "ஞாயித்துக்கெழம எங்க குலசாமி கோயில்ல சர்க்கரைப் பொங்கல் வைக்கிறாங்க"ன்னு மட்டும் சொல்லி வச்சேன். அங்க போனதும் அவள ஏதாவது மரத்தடியில அந்தப் பக்கம் பாத்து உக்கார வச்சிரலாம்னு கணக்கு.

செக்கானூரணி தாண்டி, கண்மாய்க் கரையில எங்க கருப்பு கோயில். அம்மாவும் பவாவும் இருட்டுலயே முன்னாடி போயிட்டாங்க, வெங்காயம் வாங்குறதுக்காக நான் பின்னாடி வந்தேன். போய்ப் பாத்தா, அடிகுழாய்கிட்ட பவா சேலைய இழுத்துச் சொருகிக்கிட்டு, கிடாவுக்குச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்கா!

"பவா! இது... இது சும்மா... கோயில்ல வளக்குற ஆடு."

"ஏங்க, எங்க தோட்டத்து முனியாண்டி கோயில்ல வருசா வருசம் அருவா புடிக்கிறது எங்க சித்தப்பா. நீங்க அந்த வெங்காயத்த உரிங்க."

ஏழு வருசம் அந்த ஊருல இருந்தேன். எல்லாத் திருவிழாவுக்கும் போனேன். சோத்துப் பந்தியில உக்காந்து திங்கத் தெரிஞ்சுச்சு, அந்தக் கறி எங்க இருந்து வந்துச்சுன்னு கேக்கத் தோணல.

எங்க வழக்கம் ஒண்ண இங்க சொல்லணும். கிடாவ நிறுத்தி மாலை போட்டு, பூசாரி தலையில தண்ணி ஊத்துவாரு. அது ஒடம்பச் சிலுப்பணும். சிலுப்புச்சுன்னா சாமி உத்தரவு குடுத்திருச்சு, வெட்டலாம். சிலுப்பலைன்னா சாமிக்கு ஏதோ குறை. அதைத் தீக்காம அருவாளத் தொடக்கூடாது.

பூசாரி பேயாண்டிப் பெரியப்பா ஒரு சொம்புத் தண்ணி ஊத்தினார். கயித்தையும் ஒரு வேப்பங்கொத்தையும் புடிச்சுக்கிட்டு நின்னது பவா. கிடா அசையல. ரெண்டாவது சொம்பு. அது கண்மாயப் பாத்துச்சு. மூணாவது சொம்பு. அசை போட ஆரம்பிச்சிருச்சு.

பெரியப்பா சொம்பக் கீழ வச்சார். "நேத்திக்கடன் வீட்டுல யாரோ மனசுல ஒண்ண மறைக்கிறாக. அதச் சொன்னாத்தான் சாமி எறங்கும்."

அறுபது பங்காளிகளும் என்னையத்தான் பாத்தாங்க. ஏன் என்னையவே பாக்கணும்? மூஞ்சி அப்பிடி.

"டேய் மாப்ள, சொல்லித் தொலைடா. மசாலா அரைச்சாச்சு"ன்னான் ஜெயக்கொடி.

சின்னதா ஆரம்பிச்சேன். "பவா... எனக்கு மீன் கொழம்பு வைக்கத் தெரியும்னு கல்யாணத்துக்கு முன்னாடி சொன்னது பொய்."

"அது கல்யாணத்துக்கு மறுநாளே தெரியும்."

கிடா அசையல.

"நீ பின்னி அனுப்புன ஸ்வெட்டர ஒரு நாளும் போடல. மதுரையில ஸ்வெட்டர் போட்டா வெந்து போவேன்."

"சரி. அப்புறம்?"

கிடா அசையல.

"கடைக்காரங்களுக்கு வசனம் சொல்லிக் குடுத்தது நான்தான்."

"அது கிடாவுக்கே தெரியும்"னாரு கூட்டத்துல யாரோ. எல்லாரும் சிரிச்சாங்க. கிடா மட்டும் சிரிக்கவும் இல்ல, சிலுப்பவும் இல்ல.

"இன்னும் இருக்குப்பா, பெருசா இருக்கு"ன்னார் பெரியப்பா.

எனக்குள்ள என்னமோ ஒடைஞ்சுச்சு. கூட்டத்த மறந்துட்டேன்.

"பவா, நான் விசாவுக்கு எழுதிப் போடவே இல்ல. ஒனக்குப் பொய் சொன்னேன். எனக்கு இந்த ஊரு, அம்மா, கடை, எல்லாத்தையும் விட்டுட்டு வர மனசு வரல. நீ இல்லாம இருக்கவும் முடியல. காலையில ரெண்டு டம்ளர் எடுத்து வச்சுட்டு ஒண்ணத் திரும்பக் கவுத்து வைக்கிறேன், ரெண்டு வருசமா. நீ இங்கயே இருந்துருடி. கேக்கப் பயமா இருந்துச்சு, அதான் கேக்கல. இப்பக் கேக்குறேன். இருப்பியா?"

பவாவுக்குக் கண்ணு நெறஞ்சிருந்துச்சு. எங்க அம்மாவுக்கும்.

"இருக்கேங்க"ன்னா பவா.

அவ சொல்லி முடிக்கல, கிடா தலையில இருந்து வாலு வரைக்கும் ஒரு சிலுப்புச் சிலுப்புச்சு பாருங்க! தண்ணி எல்லாம் பெரியப்பா மூஞ்சியில. பொம்பளைங்க குலவை போட்டாங்க. பங்காளிங்க என்னையத் தூக்கிக்கிட்டாங்க. நான் கருப்பு முன்னாடி நெடுஞ்சாண்கெடையா விழுந்து, "சாமி, உன் சக்தியே சக்தி"ன்னு தேம்பித் தேம்பி அழுதேன்.

கறிச்சோறு சாப்பிட்டு முடிச்சு அடிகுழாயில கை கழுவப் போனேன். பவா சொம்போட நின்னா. இன்னும் எனக்குப் பக்திப் பரவசம் எறங்கல.

"பவா, சாமியப் பாத்தியா? உண்மையச் சொன்ன மறு நொடி சிலுப்புச்சு!"

"ஆமாங்க. விடியக் காலையில இருந்து மூணு தடவ குளிப்பாட்டினேன். ஒவ்வொரு தடவையும் சிலுப்பிச் சிலுப்பி அதுக்கே அலுத்துப் போச்சு. மூணு சொம்பு அதுக்கு எந்த மூலைக்கு?"

"அப்ப... கடைசியில?"

"வேப்பங்கொத்தால காதுல ஒரு குத்து. கயிறு என் கையிலதானே இருந்துச்சு."

எனக்கு ஏப்பம் பாதியில நின்னு போச்சு. "யாரு சொல்லிக் குடுத்தா?"

"அத்தை. 'அவன் சின்னப் புள்ளையில இருந்தே சாமி முன்னாடி மட்டுந்தான் உண்மை பேசுவான்'னாங்க."

"நான் விசா போடலைன்னு...?"

"அத்தை சொல்லி ஆறு மாசமாத் தெரியும். நான்தான் எழுதிப் போட்டேன், நெசமாவே. இங்க தங்குறதுக்கு எனக்கு அட்டை வந்திருச்சு. ஸ்கூல்ல ரெண்டு வருசம் சம்பளமில்லாத லீவும் வாங்கியாச்சு. ரிட்டர்ன் டிக்கெட்டே போடல. ரெண்டு வாரத்துக்கு யாராச்சும் இடியாப்ப உரல் கொண்டு வருவாங்களா லா?"

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

அவ சிரிக்கல. என் சட்டையில ஒட்டியிருந்த சோத்துப் பருக்கைய எடுத்து விட்டா. "நீங்க ஒரு தடவ வாயத் தெறந்து கேக்கணும்னு இருந்தேன். மலையில எறங்குறப்ப கேப்பீங்கன்னு நெனைச்சேன். வழுக்கும்னீங்க."

நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். மன்னிப்புக் கேக்கலாம்னு நிமிந்தா, அவ டீச்சர் குரலுக்கு மாறிட்டா.

"ஒரே ஒரு கண்டிசன். வருசத்துல ஒரு மாசம் கடையப் பூட்டிட்டு எங்க ஊருக்கு வரணும். நான் சுத்திக் காட்டுவேன். எங்க தோட்டம், எங்க முனியாண்டி, எல்லாம். வசனம் கெடையாது. சம்மதமா?"

கடைய ஒரு மாசம் பூட்டுறதா? ஆம்பளைன்னா கொஞ்சம் கெத்துக் காட்ட வேண்டாமா? தாடையத் தடவிக்கிட்டு, "யோசிச்சுச் சொல்றேன்"னேன்.

அவ சொம்புல இருந்த தண்ணிய என் உச்சந்தலையில ஊத்தினா.

கிடாவாச்சும் மூணு சொம்பு தாங்குச்சு. நான் அரைச் சொம்புக்கே சிலுப்பிட்டேன்.