கயிறு கட்டி இழுக்கக் கூடாது

ஆறு மணிக்கு எழுந்தான். பல் தேய்த்தான். பால் காய்ச்சி இரண்டு தம்ளரில் காபி கலந்தான். ஒன்றை மனைவியின் தலைமாட்டில் வைத்தான், மற்றதைக் குடித்தான். கீழே போய்க் காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். கார் இருமியது, அடங்கியது. மேலே வந்து குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் அலுவலகம் போனான்.

கார் வந்ததிலிருந்து எல்லாக் காலையும் இதுதான்.

அவனைவிட வயதில் மூத்த கார். கிளிப்பச்சை நிறம். உருண்டை விளக்குகள். யாரோ அதட்டியதுபோல் ஒரு முகம். நான்கு தெரு தள்ளி மருந்துக்கடை வைத்திருக்கும் அம்மாளிடம் வாங்கினான். சேமிப்பு மொத்தமும் அதற்குள் போயிற்று.

"பிடிக்கலேன்னா எப்ப வேணா திருப்பிக் குடுங்க தம்பி. வாங்கின பணத்தை அப்படியே தந்துடறேன்" என்றார் அந்த அம்மாள். "ஒண்ணே ஒண்ணு. கயிறு கட்டி இழுத்துட்டு வரக் கூடாது. தானா ஓடி வரணும்."

"ஓடுற காரை எவனாவது திருப்பிக் குடுப்பானா?" என்று சிரித்தான். அம்மாளும் சிரித்தார். பிறகு கயிறு கட்டி வீட்டுக்கு இழுத்து வந்தான்.

ஹவுஸ் ஓனர் மாடிப்படியில் மறித்தார்.

"தம்பி, அது எப்பக் கெளம்பும்?"

"கார்புரேட்டர் அடைச்சிருக்கு சார். கழட்டிச் சுத்தம் பண்ணிட்டாப் பறக்கும்."

"பறக்கல்லாம் வேணாம். நகர்ந்தாப் போதும்."

கார்புரேட்டரைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் துண்டு துண்டாகப் பரப்பினான். மனைவி தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள்.

"அந்த ஸ்பூனையாவது எடுத்துக்கலாமா?"

"தொடாதம்மா. அது ஸ்ப்ரிங் உருண்டு ஓடாம இருக்க வெச்சிருக்கேன்."

திரும்பப் பூட்டியபோது இரண்டு திருகாணிகள் மிஞ்சின.

"இது?"

"எக்ஸ்ட்ரா."

"உங்களுக்கு எக்ஸ்ட்ராவா, காருக்குக் குறைச்சலா?"

காருக்குத்தான் குறைச்சல். பெட்ரோல் ஒழுகியது. புது கார்புரேட்டர் வாங்கி மாட்டினான். இன்ஜின் பிடித்தது. ஆனால் சாவிக்குப் பின்னாலிருந்து புகை வந்தது. வயர்கள் கருகியிருந்தன.

முனைக்கடை மெக்கானிக்கை அழைத்து வந்தான். பைக் மட்டுமே பார்க்கிறவன். காரைச் சுற்றி வந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான்.

"எதுக்குப்பா செருப்பைக் கழட்டறே?"

"வயசுல பெரியவங்க சார்."

"உனக்கு இந்த வண்டி தெரியுமா?"

"எங்கப்பாவுக்குத் தெரியும்."

"அவரைக் கூப்பிடேன்."

"அவரு இந்த மாதிரி ஒரு வண்டியைப் பார்த்துட்டுத்தான் தொழிலையே விட்டாரு. இப்ப மீன்தொட்டி விக்கறாரு."

இருவருமாகப் பழைய வயர் முழுவதையும் உருவிவிட்டுப் புதிதாகப் போட்டார்கள். ஹார்னை அழுத்தினால் வைப்பர் ஆடியது. பிரேக்கை மிதித்தால் ஹார்ன் அடித்தது. மூன்றாம் முறை மிதித்ததும் அடித்த ஹார்ன் நிற்கவில்லை. மத்தியானத் தூக்கத்திலிருந்து ஹவுஸ் ஓனர் பனியனோடு ஓடி வந்தார்.

"நிறுத்துய்யா!"

"எதை அமுக்கினா நிக்கும்னு தெரியலை சார்!"

"அப்போ தள்ளிட்டுப் போய் வெளியில கத்த விடு!"

மூவரும் தள்ளினார்கள். கார் வாசல்வரை நல்ல பிள்ளையாகப் போயிற்று. வாசலில் ஸ்டியரிங் இறுகிக்கொண்டது. குறுக்காக நின்றுவிட்டது. ஹவுஸ் ஓனரின் கார் உள்ளே. ஹார்ன் மட்டும் தானாகவே நின்றது.

அந்த அமைதியில் அவர் சொன்னார்: "ஞாயித்துக்கிழமைக்குள்ள இந்தக் கார் போகணும். இல்ல நீங்க போகணும்."

மேலே மனைவி ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள். அவள் வேலை செய்யும் பள்ளிக்கூடம் அங்கிருந்து தெரியும். மணி அடித்த பிறகு கிளம்பினாலும் போய்ச் சேர்ந்துவிடலாம். தேடித் தேடி அலைந்து கிடைத்த வீடு.

"கார் விஷயமா எதுவும் சொல்ல மாட்டியா?" என்றான்.

"நான் சொல்லி என்னைக்குக் கேட்டீங்க?"

"கேட்கறேன். சொல்லு."

"எனக்கு இந்த வீடு வேணும். அவ்வளவுதான்."

திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தான். அதற்குக் கார் ஓட வேண்டும். ஓடினால் பணம் வரும், வீடு நிற்கும். ஓடாவிட்டால் இரண்டும் போகும். அந்த வாரம் முழுவதும் மாலையில் அலுவலகத்திலிருந்து நேராகக் காருக்கு அடியில் போய்ப் படுத்தான். ஸ்டியரிங்கைத் தளர்த்தினான். வயர் ஒவ்வொன்றையும் பிரித்து மறுபடி சேர்த்தான். மனைவி பக்கத்தில் குனிந்து டார்ச் அடித்தாள்.

ஞாயிறு காலை சாவியைத் திருப்பினான். இன்ஜின் தையல் மிஷின்போல ஓடியது. ஹார்ன் கேட்டபோது மட்டும் அடித்தது. ஹவுஸ் ஓனர்கூடக் கை தட்டினார்.

கியர் போட்டான். முதல் கியர் விழவில்லை. இரண்டாவதும் விழவில்லை.

மெக்கானிக் எட்டிப் பார்த்தான். "ரிவர்ஸ் மட்டும் விழுது சார்."

"ரிவர்ஸும் தானா ஓடுறதுதானே?"

"ஓடுறதுதான். பார்க்கறவங்களுக்குத்தான் ஒரு மாதிரி இருக்கும்."

மனைவி பின்சீட்டில் ஏறி, மண்டியிட்டுப் பின்கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"லெஃப்ட்ல ஒடிங்க."

"எந்த லெஃப்ட்? நீயும் திரும்பியிருக்கே, நானும் திரும்பியிருக்கேன்."

"சோத்துக்கை இல்லாத பக்கம்!"

நான்கு தெருவும் பின்பக்கமாகவே போனார்கள். ஒரு சைக்கிள்காரர் முன்கண்ணாடிக்கு நேரே வெகுதூரம் பின்தொடர்ந்து வந்து, வழி கேட்டார். முக்கில் நின்ற போலீஸ்காரர் கையைத் தூக்கினார். எந்தத் தப்பு என்று யோசித்தார். கையை இறக்கிவிட்டார். மனைவி சிரிக்கும் சத்தம் பின்னால் கேட்டது. அவள் சிரித்து நாளாகியிருந்தது.

மருந்துக்கடை அம்மாள் வெளியே வந்தார். பானட்டைத் திறக்கச் சொன்னார். குனிந்து காது கொடுத்தார். விளக்கைப் போட்டு அணைத்தார், ஹார்னை ஒருமுறை அடித்துப் பார்த்தார்.

"மன்னிச்சுக்கங்கம்மா. ரிவர்ஸ்லதான் வர முடிஞ்சது" என்றான்.

"அதனால என்ன தம்பி? கயிறு கட்டலையே. தானா வந்துச்சில்ல?"

உள்ளே போய்ப் பணத்தைக் கொண்டுவந்து கையில் வைத்தார். சொன்ன சொல் மாறவில்லை. இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனுஷி என்று பணத்தை எண்ணாமலே பையில் வைத்தான். மனைவி அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க இல்லேன்னா எங்க வீடே போயிருக்கும்மா."

"சேச்சே, நான்தான் உங்களுக்கு நன்றி சொல்லணும்" என்றார் அம்மாள், பச்சைக் கூரையைத் தடவியபடி. "பல் டாக்டர் சீட்டெல்லாம் புதுசாப் போட்டுத் திருப்பிக் குடுத்தாரு, கணக்கு வாத்தியார் பிரேக் மாத்திக் குடுத்தாரு, இப்ப நீங்க வயரிங்கும் கார்புரேட்டரும் முடிச்சிட்டீங்க, இனி கியர்பாக்ஸ் ஒண்ணுதான் பாக்கி. உங்க ஆபீஸ்ல பழைய கார்மேல ஆசை உள்ளவங்க யாராவது இருக்காங்களா?"