நிக்கர் நாடாவும் மூத்தும்மாவின் மரணமும்

அரீக்கோடு
செவ்வாய்க்கிழமை

அன்பும் மரியாதையும் நிறைந்த மூத்தும்மாவுக்கு, ஷஹர்பான் ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே உப்பா, உம்மா, ஆடு எல்லோரும் சுகம். தோஹாவில் உங்கள் முட்டிவலியும் சலீம் இக்காவும் எப்படி? போனில் சொன்னால் இக்கா ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். அதனால் நாளை விமானம் ஏறும் ஜமீலாத்தாவிடம் பலாக்காய் வறுவலோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருந்து படியுங்கள்.

மூத்தாப்பா கால்பந்து ஆடிய காலத்தைப் பற்றிய படத்தை ஞாயிற்றுக்கிழமை பார்த்தோம். மோசமான படமென்றால் மனசு ஆறியிருக்கும். அவ்வளவு நன்றாக எடுத்திருக்கிறார்கள். ஏழு பேர் ஆடும் செவன்ஸ் மைதானத்துச் சேறு, கமுகு மரக் கேலரி, பந்தை உதைக்கும் முன் மூத்தாப்பா மூக்கைத் தேய்ப்பதுகூட அப்படியே இருக்கிறது. ஊரே அழுதது, எனக்கு மட்டும் இடைவேளையிலிருந்தே ஏமாற்றம், ஏனென்றால் அந்த மனிதர் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. சரி, இறுதி ஆட்டத்துப் பெனால்ட்டி வரட்டும் என்று காத்திருந்தேன். நீங்கள் தைத்துக்கொடுத்த நிக்கரின் நாடா அறுந்து, அவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டே உதைக்க, பந்து கடலைக்காரர் சட்டியில் விழ, மைக்கில் அறிவித்தவர் "பீரானே, முதல்ல நிக்கரப் புடி, கப்பு அடுத்த வருஷமும் வரும்!" என்று கத்தினாராமே, கண்மூடும்வரை கல்யாண வீடுதோறும் அவரே சொல்லி அவரே முதலில் சிரித்தாரே, அந்தப் பெனால்ட்டி. திரையில் அவர் கை இடுப்புக்குப் போனது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஆனால் இடுப்பு மடிப்பிலிருந்து வெளியே வந்தது உங்கள் கண்ணாடி வளையல். தப்பாக நினைக்காதீர்கள் மூத்தும்மா, படத்தில் நீங்கள் அன்று காலை பிரசவத்தில் இறந்துவிட்டீர்கள். சலீம் இக்கா மட்டும் பிழைத்துக்கொண்டார்.

தியேட்டர் முழுக்க விசும்பல், நடுவில் என் சிரிப்பு. பின்னாலிருந்து, "யாரும்மா அது, மய்யித்து வீட்டுல சிரிக்கிறவ?" என்று ஒரு குரல். உம்மா தொடையில் கிள்ளி, "குடும்பத்துல முத டிகிரின்னு உன்ன நடுவுல உக்கார வச்சேன் பாரு" என்றாள். விளக்கு போட்டதும் பக்கத்து வீட்டு ஆயிஷாத்தா என்னைக் கட்டிக்கொண்டு, "உங்க மூத்தும்மா இவ்வளவு நல்லவங்கன்னு இருக்கறப்பத் தெரியலையே" என்று அழுதார்.

"நேத்துதான போன்ல அவங்ககூடப் பேசுனீங்க?" என்றேன்.

"அது வேற" என்றார்.

சிரித்த மனுஷரை அழவைக்க அந்த டைரக்டருக்கு என்ன உரிமை? குடும்பத்தில் ஒருவரிடம் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டோமா? வெள்ளிக்கிழமை அங்கே நம் ஊர்க்காரர்கள் படம் போட்டு, உங்களை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தப்போகிறார்களாம். போகாதீர்கள். முட்டிவலி என்று சொல்லிவிடுங்கள்.

படைத்தவன் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். இந்த முறை வழக்கத்துக்காக இதை எழுதவில்லை.

இப்படிக்கு,
உங்கள் ஷஹர்பான்

பின்குறிப்பு: குடும்பத்தில் ஒருவரிடம் கேட்டார்கள். என்னிடம்தான். போன வருடம் சினிமாக்காரர்கள் மூன்று பேர் வந்தபோது, "படிச்சவ நீ பேசு" என்று உப்பா என்னை முன்னால் தள்ளினார். பெனால்ட்டி ஏன் தவறியது என்று கேட்டார்கள். மூன்று ஆண்களுக்கு முன்னால் நிக்கர் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. தரையைப் பார்த்தபடி, "வீட்டு நினைப்பா இருந்திருக்கும்" என்றேன். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் உங்களைக் கொன்றிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை போங்கள் மூத்தும்மா. மைக் கொடுத்தால் நாடா அறுந்த கதையைச் சொல்லுங்கள். எனக்கு வராத வார்த்தை உங்களுக்கு வரும்.