விதிகளுக்கு ஒரு தனி ஜன்னல்

அன்பும் பொறுமையும் மிக்க மாப்பிள்ளைக்கு மாமா எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உள்ளறையிலிருந்து இப்போது வந்த சத்தத்தைக் கேட்டபின், என் நலத்தை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன். போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் "அது ஸ்டாண்டர்டு இல்ல மாமா" என்றதும், மாப்பிள்ளையாயிற்றே என்று நானும் "சரிங்க" என்று வைத்துவிடுகிறேன். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தையல் கலைஞர் சங்கத்துப் போட்டிக்கு அத்தை விண்ணப்பிக்க வேண்டும், வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு சரி. முப்பது வருஷம் ஊரார் துணியைத் தைத்தவள், முதல் தடவையாகத் தனக்கென்று ஒன்று தைத்திருக்கிறாள்: பதினொரு கிழிந்த குடைகளைப் பிரித்து ஒரு மழைக்கோட்டு. அதை எப்படித் தைத்தாள் என்று முந்நூறு வார்த்தையில் எழுதச் சொல்கிறது, சங்கத்துக்கு நீங்கள் செய்துகொடுத்த இணையதளம். அவளும் ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டி, கைமடிப்பு வரைக்கும் வந்து, கடைசியில் "விதிகளைப் படித்தேன்" என்ற இடத்தில் டிக் போடப் போகிறாள். அந்தக் கட்டம் கடுகளவு. அதை ஒட்டியே விதிகளுக்கான லிங்க். மௌஸ் அதன்மேல் விழுகிறது. உடனே படிவம் போய், அதே ஜன்னலில் விதிகள் வந்து நிற்கின்றன. "ஐயோ, என் கோட்டு!" என்று அலறிக்கொண்டு அவள் பின்னால் போகிற அம்பை அமுக்க, படிவம் திரும்பி வருகிறது, கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி. இதுவரை ஆறு தடவை. விதிகளில் ஒரு வரிகூட நாங்கள் படித்ததில்லை, அதற்கெல்லாம் யாருக்கு நிதானம் இருக்கிறது?

விதிகளைத் தனி ஜன்னலில் திறக்க வையுங்கள் என்றேன். கேட்டது அவ்வளவுதான்! "ஸ்ட்ரிக்ட் ஹெச்.டி.எம்.எல்.ல, அதான் பக்கம் எழுதுற கறாரான இலக்கணத்துல, அதுக்கு இடமே இல்ல மாமா. 'புது ஜன்னல்ல திற'ன்னு ஒரு சொல் எழுதினாலே, பக்கத்தைச் சரிபார்க்கிற சோதனையில சிவப்பு விழுந்துடும். நான் செஞ்ச பக்கம் எதுலயும் இதுவரைக்கும் சிவப்பு விழுந்ததில்ல" என்றீர்கள். உங்களுக்குப் பச்சை டிக் கிடைத்துவிட்டது. அவளுக்கு ஒரு டிக் போட வழியில்லை.

நேற்று வந்திருந்த மகள்தான் போட்டு உடைத்தாள். "ஒரு வழி இருக்குப்பா. அந்தச் சொல்லைப் பக்கத்துல எழுதவே வேணாம். லிங்க்ல ஒரு அடையாளம் மட்டும் வச்சுட்டா, பக்கம் திறந்தப்புறம் ஒரு குட்டி ஸ்கிரிப்ட் வந்து அதைச் சேர்த்துடும். எழுதி வச்சதை மட்டும் பாக்குற சோதனைக்குத் தெரியவே தெரியாது. ஏமாத்து வேலைன்னு இவர்தான் செய்ய மாட்டேங்கிறார்."

இது எனக்குப் புதுசா மாப்பிள்ளை? முப்பத்திரண்டு வருஷம் தராசுக்கு முத்திரை குத்தினவன் நான். நான் கடைக்குள் நுழையும்போது சரியான எடைக்கல் இருக்கும், நான் தெருமுனை திரும்பினால் பழைய கள்ளக்கல் ஏறிவிடும். ஒருத்தனையும் விட்டதில்லை. அத்தையின் தம்பி கடைத் தராசையே பறிமுதல் செய்தேன், அவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. அப்படிப்பட்டவன் வெட்கத்தை விட்டுக் கேக்கறேன், அந்த ஏமாத்து வேலையைச் செஞ்சு தொலைங்க! மன்னிக்கவும், செய்து தாருங்கள். மூணு நாளா வீட்ல ஒழுங்கா அடுப்பு எரியல. வெளியே நல்ல வெயில், இவ உள்ளே அந்த மழைக்கோட்டைப் போட்டுக்கிட்டுக் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கா. நேத்து சாயங்காலம் "விடுங்க, எனக்குத் தைக்கத்தான் தெரியும், இதெல்லாம் நமக்கெதுக்கு"ன்னு கண்ணைத் துடைச்சிக்கிட்டா. எனக்குப் பொறுக்கல மாப்பிள்ளை.

நீங்களும் மகளும் நோய்நொடி இல்லாமல், எந்தச் சோதனையிலும் சிவப்பு விழாமல், நெடுங்காலம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
சற்றே கோபமான, ஆனாலும் அன்புள்ள மாமா

பி.கு.: மகள் வந்ததும் கொடுத்தனுப்பலாம் என்று உறையை ஒட்டப் போனேன், போன் வந்தது. "அப்பா, மாத்திட்டார்ப்பா!" நீங்கள் தங்கம். அத்தை ஏழாம் தடவையாக எல்லாவற்றையும் தட்டினாள், மௌஸ் வழக்கம்போல விதிகள்மேல் விழுந்தது, தனி ஜன்னல் திறந்தது, படிவம் அசையவில்லை. சந்தோஷத்தில் டீ போடப் போயிருக்கிறாள். அந்த நேரத்தில், முதல் தடவையாக, நிதானமாக, விதிகளைப் படித்தேன். நான்காம் விதி: "சங்க நிர்வாகிகள், இத்தளத்தை உருவாக்கியவர் ஆகியோரின் குடும்பத்தார் போட்டியில் கலந்துகொள்ள இயலாது." சிவப்பு விழுகிறதா என்று பார்த்த நீங்களும் இதைப் படிக்கவில்லை போலிருக்கிறது. அவள் இன்னும் பார்க்கவில்லை, ஜன்னலை மூடிவிட்டேன். உடனே எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடுங்கள், உங்களைத் திட்டிக்கொண்டாவது ஆறுதலாக இருப்பாள். அது முடியாதென்றால், அந்தக் குட்டி ஸ்கிரிப்டை எங்களுக்கும் ஒன்று எழுதுங்கள்: நீங்கள் எங்கள் மருமகன் என்று எங்கேயும் எழுதியிருக்கக் கூடாது, சோதிக்கிறவர் தெருமுனை திரும்பியதும் அந்த உறவு வந்து சேர்ந்துகொள்ள வேண்டும்.