ஓடைப்பிள்ளையின் ராஜினாமா

எனக்குத் தெரிந்து, மழை வந்தால் ஆபீசுக்குள்ளிருந்து வெளியே ஓடிய ஒரே சர்க்கார் உத்தியோகஸ்தர் திருவனந்தபுரத்தில் ஓடைப்பிள்ளைதான். தம்பானூர்ப் பக்கம் எங்கள் ரோடு ஆபீசில் அவர் ஓவர்சியர், நான் கிளார்க்கு. முதல் தூறல் ஓட்டில் விழவேண்டியதுதான், மனுஷன் குடையோடு தெருவில் நிற்பார். தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்க்கவாம்! மற்ற அதிகாரிகளெல்லாம் மழை விட்டு, ரோடு காய்ந்து, ஜீப்பும் கிடைத்த பிறகுதான் பார்வையிடப் போவார்கள். அப்போது எல்லா ரோடும் நல்ல ரோடுதானே.

"ரோட்டுக்கு எமன் வண்டியில்லவே, வெள்ளம். ஓரத்துல ஓடை வெட்டாம தார் போடுகது, தலை துவட்டாம தொப்பி வைக்கது போல" என்பார் நாஞ்சில்நாட்டுத் தமிழில். கல்யாண வீட்டில் கை கழுவினால், கழுவின தண்ணீர் எங்கே போகிறது என்று பின்னாலேயே போவார். மாப்பிள்ளை பெயர் தெரியாது, அந்த வீட்டுச் சாக்கடை தெரியும்.

மகாராஜா ஆட்சி போய் மந்திரிகள் வந்த புதுசு. கல்லாறு ரோட்டுக்குப் புதுத் தார் போட்டுத் திறந்துவைக்க ஒரு மந்திரி நாள் கொடுத்துவிட்டார். மலையடி வளைவில் முதலில் ஓடை வெட்டவேண்டும் என்று பிள்ளை எழுதினார். எஞ்சினியர் கூப்பிட்டு, "ஓடைக்கு ரிப்பன் கட்ட முடியுமா ஓய்?" என்றார்.

வந்ததே கோபம்! என் மேஜையிலிருந்தே காகிதம் எடுத்து, 'ஓடையில்லாத இந்த ரோடு இடவப்பாதி மழையைத் தாங்கினால் வேலையை ராஜினாமா செய்கிறேன்' என்று எழுதி நீட்டினார். எஞ்சினியர் அதைத் தாம்பூலம் வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிள்ளைக்கோ வீட்டில் கல்யாணத்துக்கு இரண்டு பெண்கள்.

"பைத்தியமா ஓய் உமக்கு?" என்று கத்தினேன்.

"ரோடு நிக்காதுவே. வேலையும் போகாது."

மந்திரி ரிப்பன் வெட்டினார், போட்டோ பிடித்தார்கள். வைகாசி நடுவில் இடவப்பாதி இறங்கியது, பேய்மழை. பிள்ளை லீவு. "ரோடு உடையறதை ரசிக்கப் போயிருக்கார்" என்று ஆபீசே சிரித்தது. எனக்கு மனசு கேட்கவில்லை, மறுநாள் காலை கல்லாறு பஸ் பிடித்தேன்.

வளைவில் இறங்கினால், குடை ஒரு பக்கம் கிடக்க, வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கால்வரை சேற்றில் நின்று மம்பட்டியால் பிள்ளை ஓடை வெட்டிக்கொண்டிருக்கிறார்!

"ஐயோ, நிறுத்தும் ஓய்! ரோடு போனாத்தானே உம்ம வேலை நிக்கும்?"

"தெரியும்வே. பாக்கத்தான் வந்தேன். ரோட்டை வெள்ளம் அரிக்கதைக் கண்ணால பாத்துக்கிட்டு எப்படிவே சும்மா நிக்க? அந்தக் கல்லைப் புரட்டும்."

நானும் வேட்டியை மடித்துக் கட்டினேன்.

ரோடு அசையவில்லை. மழைக்காலம் முடிந்ததும் எஞ்சினியர் அந்தக் காகிதத்தை ஃபைலிலிருந்து எடுத்தார். உண்மையைச் சொல்லக் கிளம்பிய என்னைப் பிள்ளை வராந்தாவில் மறித்தார். "உத்தரவில்லாம சர்க்கார் ரோட்டுல கை வச்சது நீரும்தான். ரெண்டு பேர் வேலையும் போகணுமா? ரோடு நின்னுட்டுல்லா, போரும்."

வாயை மூடிக்கொண்டேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. ராஜினாமாவை ஏற்ற உத்தரவை டைப் அடித்ததும் நான்தான். அடுத்த காகிதம், உறுதியான ரோடு போட்டதற்காக எஞ்சினியருக்குப் பிரமோஷன்!

இப்போதெல்லாம் முதல் தூறல் விழுந்தால் நானும் குடையோடு தெருவில் போய் நிற்கிறேன். தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்க்கவாம்.