உப்புத் தண்ணி கொடுத்து ஓட்டுப் போட்ட விவரம்

திண்டுக்கல்,
அக்டோபர் 2001

இயேசு மரி சூசை துணை.

அன்புள்ள கொழுந்தனார் பிரான்சிஸ் அவர்களுக்கு மதினி சகாயராணி எழுதிக்கொண்டது. இங்கே நாங்களும் ஆடு இரண்டும் சுகம். அங்கே கோயமுத்தூரில் நீங்களும் உங்கள் தொப்பையும் சுகமா?

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அண்ணனுக்குத் தெரியாமல் இரண்டு ஆம்பளைகளுக்குச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டேன். பதறாதீங்க, ஓட்டுத்தான். நம்ம வார்டு கவுன்சிலருக்கு நிற்கிற தங்கமுத்துவும் பீர் முகமதுவும் வாசலில் வந்து கும்பிடும்போது இல்லையென்று எப்படிச் சொல்றது?

"சும்மா குத்தாதீங்க மதினி, தண்ணிக்கும் மரத்துக்கும் யாரு என்ன செய்வாகன்னு ஒப்பிட்டுப் பாத்துக் குத்துங்க" என்று நாலு பக்கம் எழுதியிருந்தீர்கள். மூணாப்புப் படித்தவளுக்கு நாலு பக்கமா? மகள் அனிஷா வாசித்துக் காட்டினாள், இரண்டாம் பக்கத்தில் தூங்கிவிட்டேன். ஆனால் விஷயம் பிடிபட்டது. தோல் பதனிடுற ஷாப்புக் கழிவு இறங்கி நம்ம கிணறு உப்பாகி ஆறு வருஷம். இந்தத் தடவையும் ஏமாந்தால் இன்னும் அஞ்சு வருஷம் உங்க அண்ணன்தான் அகரத்திலிருந்து நல்ல தண்ணியைச் சைக்கிளில் குடம் கட்டிக் கொண்டுவரணும், அவர் முட்டி தாங்காது. வீடு தேடி வந்தவங்களுக்கு முதலில் தண்ணி கொடுக்கிறது வழக்கம்தானே, அதையே பரீட்சை ஆக்கிவிட்டேன். ஆளுக்கு ஒரு செம்பு கிணற்றுத் தண்ணி!

தங்கமுத்து வந்தார். "வீட்டுக்கு ஒரு வேப்பங்கன்னு தாரேன்க்கா, வார்டே குளுகுளுன்னு ஆயிரும்" என்றார். "கன்னுக்கு எந்தத் தண்ணிய ஊத்த?" என்றேன். "இந்தத் தண்ணிக்கு என்ன கொறச்சல்? எளநி மாதிரில்ல இருக்கு!" என்று கடைசிச் சொட்டு வரை குடித்தார். அடப்பாவி மனுசா! மாதிரிக்கு அவர் கொடுத்துவிட்டுப் போன கன்னுக்கு நாலு நாள் கிணற்றுத் தண்ணி ஊற்றினேன், வேம்பே வெறுத்துப்போய்ச் செத்துப்போச்சு. மறுநாள் வந்த பீர் முகமது ஒரு மடக்குத்தான் குடித்தார், "யா அல்லா!" என்று முருங்கை மரத்தடியில் துப்பிவிட்டு, "இதையாக்கா பொழங்குறீக? மரமெல்லாம் பெறகு பாப்போம். மொதல்ல கழிவ நிறுத்தச் சொல்லி மறியல் பண்ணுவோம், நீங்க முன்னால நிக்கணும்" என்றார். துப்பின வாய் பொய் சொல்லாது கொழுந்தனாரே! இன்று காலை முதல் ஆளாகப் போய் அவருக்கே குத்திவிட்டேன். கிணற்றையே இறைத்துக் கழுவிவிட்ட மாதிரி அம்புட்டுச் சந்தோசம்.

அந்தோனியார் உங்களைக் காப்பாராக. உங்க மகன் ஜெரின் பயலுக்கு முத்தம், உங்கள் தொப்பைக்கு ஒரு கிள்ளு.

மதினி,
சகாயராணி

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும்போது அனிஷா சொல்கிறாள், தங்கமுத்து வந்த அன்று நான் மொண்டு வைத்த செம்பைக் கோழி தட்டிவிட்டதாம், இவள் அவசரத்துக்கு அகரத்துக் குடத்திலிருந்து ஊற்றி வைத்தாளாம். மனுசன் நெசத்தைத்தான் சொல்லியிருக்கார். நியாயம் என்று ஒன்று இருக்கே. கிணற்றுத் தண்ணி ஒரு செம்பு மொண்டுகொண்டு பூத்துக்கு ஓடினேன். வாசலில் தங்கமுத்து நின்றிருந்தார். கொடுத்தேன். குடித்தார். துப்பினார். எதிரில் பீர் முகமது நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை.