என் தூதில் துடித்த இதயம்

அன்புத் தம்பிக்கு அண்ணன் எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நீயும் உன் மூட்டுவலியும் எப்படி இருக்கிறீர்கள்?

ஜெயித்துவிட்டோமடா! என் மகளின் தட்டில் இதயச் செல்கள் துடிக்கின்றன!

கருவின் குருத்தணு என்று ஒன்று இருக்கிறது. தோலாவதா, நரம்பாவதா, இதயமாவதா என்று தெரியாமல், வெளியிலிருந்து வரும் சமிக்ஞைக்காகக் காத்திருக்கும். மகளும் மாப்பிள்ளையும் ஆய்வுக்கூடத்தில் ஒரே மேஜையில் அந்தச் சமிக்ஞையை மருந்தாக ஊற்றுகிறார்கள். முதலில் ‘கிளம்பு’ என்று ஒரு மருந்து, பிறகு சரியான சமயத்தில் ‘போதும்’ என்று இன்னொன்று. இரண்டும் முறையாகக் கிடைத்தால்தான் இதயம். நம் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இல்லை, சொன்னதைக் கேட்கும். இந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை, கூட்டத்தில் எல்லார் முன்னாலும், “உன் செல்லெல்லாம் சோர்ந்து கிடக்குதே” என்று சொல்லித் தொலைத்தார். அன்றோடு பேச்சு நின்றது. மருந்து ஊற்றியாயிற்றா என்று கேட்க இருவருக்கும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. முதல் தட்டில் ஆளுக்கொரு முறை ‘கிளம்பு’ ஊற்றியதில் எல்லாம் செத்தன. அடுத்த தட்டில் அவர் ஊற்றுவார் என்று இவளும், இவள் ஊற்றுவாள் என்று அவரும் இருந்துவிட, ‘போதும்’ சொல்ல ஆளில்லை. இதயத்தைத் தவிர என்னென்னவோ ஆகிவிட்டது. தலைமை விஞ்ஞானி அம்மா, “இன்னும் ஒரே ஒரு தட்டு. அதுவும் துடிக்கலேன்னா ஆராய்ச்சியை இழுத்து மூடிடலாம்” என்றுவிட்டார். பெண் சாப்பிடாமல் அழுதாள். எனக்குப் பொறுக்கவில்லை.

விடுவேனா? வீட்டில் மகள் இருக்கும் சமையலறைக்கும் மாப்பிள்ளை இருக்கும் கூடத்துக்கும் நானே தூது நடந்தேன். “‘கிளம்பு’ ஊத்திட்டேன், அந்த மனுஷன் கை வைக்கக் கூடாதுன்னு சொல்லுங்கப்பா” என்பாள். சொல்வேன். “அப்போ ‘போதும்’ நான் ஊத்தறேன்னு உங்க பொண்ணுகிட்ட சொல்லிடுங்க மாமா” என்பார். அதையும் சொல்வேன். கால் வீங்கியதுதான் மிச்சம் என்று நினைத்தேன்.

இன்று என்னையும் கூப்பிட்டு நுண்ணோக்கியில் காட்டினார்கள். மணல் மாதிரி கிடந்த செல் கூட்டம் ஒன்றாகச் சுருங்கி விரிகிறது! “துடிக்குதுங்க!” என்று கத்திக்கொண்டே மகள் மாப்பிள்ளையின் கையைப் பிடித்தாள். பேசிவிட்டாளடா! எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆராய்ச்சி பிழைத்தது, குடும்பம் பிழைத்தது, என் காலுக்கும் விடுதலை.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் உரிய நேரத்தில் உரிய சொல் கேட்டு வளர ஆசிகள்.

இப்படிக்கு,
வெற்றிக் களிப்பில்,
அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் இதையும் எழுத வேண்டியதாயிற்று. ஒரு தடவை துடித்தால் போதாதாம், மறுபடியும் துடித்தால்தான் உலகம் நம்புமாம். போன தடவை எப்படிச் செய்தார்களோ, இம்மியும் மாறாமல் அப்படியே செய்ய வேண்டும் என்பது தலைமை அம்மாவின் கண்டிப்பு. அதனால் இருவரும் கைகோத்து நின்று சிரித்துக்கொண்டே முடிவெடுத்துவிட்டார்கள்: நாளை முதல் பேச்சு கிடையாது. நான் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு நடக்க வேண்டுமாம்.